மெல்லிய வாசம், தூரத்துச் சத்தம்: வியட்நாமிய இரட்டைச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹனோய்க்கு வேலையாக வரும் தமிழர்களுக்கு மாலை நேரத்தில் வியட்நாமிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். விலை பேச, வழி கேட்க, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்ல மூன்று மாதத்தில் பழகிவிடுகிறார்கள். அதற்கப்புறம் எல்லோரும் தட்டுத்தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மெல்லிய வாசனைகளுக்கும் சன்னமான ஓசைகளுக்கும் இந்த மொழி வைத்திருக்கும் இரட்டைச் சொற்கள்தான் அது. ஒவ்வொரு குழுவும் அதே சந்தேகங்களோடு வருகிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருவதற்கு முன்னால் உள்ளது வேண்டியிருக்கும்.

"த்வாங் த்வாங்"னு அடிக்கடி காதுல விழுது. அது நம்ம கமகமவா?

இல்லை. கமகம என்றால் வாசனை வந்து நம்மைச் சூழ்ந்துகொண்டது என்று அர்த்தம். தாளித்த கையோடு சாம்பார் கமகமக்கும். வியட்நாமிய மொழியில் அதற்கு ஙாவ் ஙாத் என்று தனிச் சொல் இருக்கிறது. த்வாங் த்வாங் என்பது காற்றோடு வந்து, தொட்டு, போய்விடும் வாசனை. நின்று மூச்சை இழுத்தால் இருக்காது. நான்கு அடி நடந்தால் மறுபடி வரும். கதிர் பிடித்த வயல், பாக்குப் பூ, இளம் நெல்லை இடித்துச் செய்யும் கோம் என்ற பச்சை அவல் எல்லாம் த்வாங் த்வாங். ஹனோயின் வோங் கிராமம் அந்த அவலுக்குப் பேர்போனது. தாமரை இலையில் மடித்துத் தருவார்கள். இலையைப் பிரிக்கும்போது எது அவலின் மணம், எது இலையின் மணம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று மேலெழும். அந்த நொடிக்குத்தான் இந்தச் சொல்.

இரட்டிப்பதற்கு முன் இருக்கும் த்வாங் தனியாகவும் வாழ்கிறது. காற்று லேசாகக் கடந்துபோவதைக் குறிக்கும். அதனால் சொல்லுக்குள்ளேயே காற்று இருக்கிறது. மூடிய அறையில், ஜாடிக்குள் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு த்வாங் த்வாங் என்று சொன்னால் வியட்நாமியர்கள் புருவத்தை உயர்த்துவார்கள்.

சத்தத்துக்கு இதே மாதிரி ஒண்ணு இருக்கா?

இருக்கிறது: வங் வங். தூரத்திலிருந்து, தேய்ந்து, ஆனால் இன்னதென்று அடையாளம் தெரியும்படி வரும் ஓசை. விகாரை மணி ஓசையோடு இதைச் சேர்த்துச் சொல்வது பழகிப்போன வழக்கு. அக்கம்பக்கத்தில் எங்கோ பாடும் ஒலிபெருக்கி, ஆற்றுக்கு அந்தப்புறம் கூவும் சேவல் எல்லாம் வங் வங்.

இங்கே கவனிக்க வேண்டியது தூரம். பக்கத்து மேசையில் ரேடியோவைச் சன்னமாக வைத்திருந்தால் அது வங் வங் ஆகாது. அது கே கே, அதாவது அருகிலிருந்தே மெதுவாக வரும் ஓசை. தமிழில் இரண்டையும் "லேசாகக் கேட்கிறது" என்று முடித்துவிடுவோம். இந்த மொழி எவ்வளவு லேசு என்று கேட்பதோடு நிற்பதில்லை, எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கிறது. என் மாணவர்களிடம் முதல் நாளே நான் சொல்வது இதைத்தான். இந்தச் சொற்கள் அளவைச் சொல்வதைவிட, பொருளுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. வருடக்கணக்கான தூரத்துக்கும் வங் வங் பொருந்தும். இறந்துபோன அம்மாவின் குரல் இன்னும் காதில் ஒலிக்கிறது என்று சொல்லவும் இதே சொல்தான்.

தமிழ்ல எழுதினா முன்பாதி பின்பாதி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே? அப்படியே ரெண்டு தடவை சொன்னா போதுமா?

போதாது. தமிழ் எழுத்தில் தெரியாத வேறுபாடு தொனியில் இருக்கிறது. ஹனோய்ப் பேச்சில் தொனிகள் ஆறு. என் வகுப்பில் அவற்றுக்குச் சமம், இறக்கம், குழிவு, உடைவு, ஏற்றம், அமுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். த்வாங் த்வாங்கில் முதல் பாதி சமம், நேர்கோடு மாதிரி போகும். இரண்டாவது பாதி குழிவு, குரல் தாழ்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கும். வங் வங்கிலும் இதே கதை. இரண்டு பாதிகளையும் ஒரே தொனியில் சொன்னால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது.

இன்னும் இரண்டு குறிப்பு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ஙகரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். "ஙப்போல் வளை" என்று சிறுவயதில் சொன்ன அதே ஒலிதான், நாம் அதற்கப்புறம் அதைச் சொல்லின் முதலில் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம். ர வரும் இடங்களில் ஹனோய்க்காரர்கள் ஸகரத்தைக் குழைத்தது போல ஒலிப்பார்கள். எழுத்தில் ர இருப்பதால் நான் ர என்றே எழுதுகிறேன்.

இது நம்ம இரட்டைக்கிளவிதானே? ஏன் புதுசா படிக்கணும்?

பாதி சரி. சலசல, மளமள, கிணுகிணு எல்லாம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. அதனால் ஓசையைக் கேட்டு அர்த்தம் பிடிக்கும் காது தமிழருக்கு ஏற்கெனவே உண்டு. இந்த மொழியைப் படிக்க வரும் மற்றவர்களைவிட இதில் நமக்கு ஒரு கை கூடுதல் என்பது என் அனுபவம்.

ஆனால் "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்று தொல்காப்பியம் வகுத்த விதி இங்கே பாதிக்குத்தான் செல்லும். சல என்று தனியாகச் சொன்னால் நமக்குப் பொருள் இல்லை. வியட்நாமியரோ இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறார்கள். தீ தாச் (துளி சொட்டுவது) போன்றவை பிரிந்தால் செத்துப்போகும். த்வாங் த்வாங் போன்றவை பிரிந்தாலும் உயிரோடு இருக்கும். பள்ளியில் எல்லாவற்றையும் சேர்த்து து லாய் என்ற ஒரே பெயரில் சொல்லித்தருகிறார்கள். நாம் சலசலவென்று, மளமளவென்று என ஒரு ஒட்டுச் சேர்ப்போம். அங்கே ஒட்டு எதுவும் வேண்டாம். வினைக்குப் பின்னாலோ முன்னாலோ சொல்லை அப்படியே வைத்துவிடலாம்.

ஒரு வார்த்தையை ரெண்டு தடவை சொன்னா அழுத்தம் கூடத்தானே செய்யும்? இங்க எப்படிக் குறையுது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. நாம் "சூடு சூடா" என்றால் நல்ல சூடு. "கறுகறு" என்றால் கன்னங்கரேல். வியட்நாமிய மொழியில் சிவப்புக்கான டோவை இரட்டித்தால் லேசான சிவப்பு, சிவந்த மாதிரி. ஞோ என்றால் சிறிய. ஞோ ஞோ என்றால் ஓரளவு சிறிய. ஞே என்றால் எடையில்லாத, மெல்லிய. ஞே ஞே என்றால் பூப்போல மெதுவாக.

இரட்டிக்கும்போது முன்பாதியின் தொனி தளர்ந்துவிடுகிறது என்பதைப் பார்த்தால் குழப்பம் தீரும். முழுச் சொல் வருவதற்கு முன் அதன் நிழல் ஒன்று முன்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிழல்தான் அர்த்தத்தையும் மங்கலாக்குகிறது. மூன்று தடவை அடுக்கினால் எதிர்த்திசையில் போகும். ஸாச் என்றால் சுத்தம். ஸாச் ஸாஞ் ஸாஞ் என்றால் துடைத்து எடுத்த மாதிரி, ஒன்றுமே மிச்சமில்லை.

மேல ஸாச் எப்படி ஸாஞ் ஆச்சு? எழுத்தே மாறுதே?

இந்த இடம் தமிழருக்காகவே செய்து வைத்தது போல இருக்கும். சொல் ப், த், ச், க் என்று வல்லினத்தில் முடிந்தால், மெதுவாக்கும்போது நிழல் பாதியில் அந்த வல்லினம் தன் இன மெல்லினமாக மாறும். ப் வந்த இடத்தில் ம், த் வந்த இடத்தில் ந் அல்லது ன், ச் வந்த இடத்தில் ஞ், க் வந்த இடத்தில் ங். அழகுக்கு டெப், ஓரளவு அழகு டெம் டெப். இனிப்புக்கு ஙோத், லேசான இனிப்பு ஙோன் ஙோத். தீய்ந்த வாடைக்குக் கெத். லேசாகத் தீய்ந்த வாடை கென் கெத். மருந்து, பெயின்ட் போல மூக்கைக் குத்தும் நெடிக்கு ஹக். அது லேசாக இருந்தால் ஹங் ஹக். மென்மையைச் சொல்ல மெல்லினம் வருகிறது! இதைக் கரும்பலகையில் எழுதும் நாளில் தமிழ் இலக்கணம் படித்தவர்களின் முகம் மலர்வதை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன்.

காரணமும் அழகானது. வல்லினத்தில் முடியும் அசை, ஏற்றம் அல்லது அமுக்கம் என்ற இரண்டு தொனிகளை மட்டுமே தாங்கும். குரல் பட்டென்று நின்றுவிடுவதால் சமமாக நீட்ட இடமில்லை. நிழல் பாதிக்கோ தளர்ந்த தொனி வேண்டும். அதனால் வல்லினம் விலகி, நீட்டக்கூடிய மெல்லினத்துக்கு வழிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை நான் கற்றது சமையலறையில். முதல் வருடம், மாடிப்படியில் ஏறும்போது ஏதோ கருகும் வாசனை வந்தது. "கெத்!" என்றேன். வீட்டுக்கார அம்மா கையில் இருந்த கீரையைப் போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடி எரிவாயுவை மூடினார். வாணலியில் எள் கொஞ்சம் வறுபட்டுச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, கென் என்பதை இழுத்து, "கென் கெத்" என்று திருத்தினார். அப்புறம் பொறுமையாக விளக்கினார்: கெத் என்று கேட்டால் ஓட வேண்டும், கென் கெத் என்று கேட்டால் எங்கிருந்து என்று மூக்கைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

நிழல் பாதிக்கு எந்தத் தொனின்னு எப்படித் தெரியும்? மனப்பாடமா?

பெரும்பாலும் விதியே சொல்லிவிடும். ஆறு தொனிகளும் இரண்டு வீடாகப் பிரிந்திருக்கின்றன. சமம், குழிவு, ஏற்றம் ஒரு வீடு. இறக்கம், உடைவு, அமுக்கம் இன்னொரு வீடு. முதல் வீட்டுச் சொல்லுக்கு நிழல் சமம்; இரண்டாம் வீட்டுச் சொல்லுக்கு நிழல் இறக்கம். த்வாங் குழிவில் இருப்பதால் நிழல் சமம். ஞே அமுக்கத்தில் இருப்பதால் நிழல் இறக்கம். ஙாவ் ஙாத் போல மெதுவாக்காத சொற்களிலும் இரண்டு பாதிகளும் ஒரே வீட்டில் இருப்பதைக் காணலாம்.

விதிவிலக்கும் உண்டு. மேலே சொன்ன கே கே அதில் ஒன்று. உடைவுத் தொனிச் சொல்லாக இருந்தும் நிழல் சமமாக வருகிறது. அதன் தோழன் ஸே ஸேயும் அப்படியே. இரண்டுக்கும் "சத்தமில்லாமல், மெதுவாக" என்றே பொருள். இந்த ஜோடியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கெட்ட வாடைக்கு எத்தனை சொல் தெரிஞ்சா சமாளிக்கலாம்?

சந்தைக்குப் போகிறவர் என்றால் ஐந்தாறு கட்டாயம். மீன், இரத்தம் இவற்றின் கவிச்சி வாடைக்குத் தாஞ். சமைத்த உணவு ஊசிப்போனால் தியூ. இறைச்சி பழசாகத் தொடங்கினால் ஓய். மூத்திர வாடைக்குக் காய். பச்சை வெங்காயம், கடுகுக்கீரை போன்றவற்றின் காரமான நெடிக்கு ஹங். ஹங் ஹக்கின் முதல் பாதி போலத் தமிழில் தெரிந்தாலும் இது தனிச் சொல். கெத்தும் ஹக்கும் மேலே வந்துவிட்டன.

இரட்டிப்பு இங்கே சோறு போடும் விஷயம். மீன்காரம்மாவிடம் தாஞ் என்றால் அவர் மீனைக் குறை சொன்னதாகிவிடும். தாஞ் தாஞ் என்றால் மீனுக்கு இயல்பாக இருக்கும் வாடை, தப்பில்லை. தமிழிலும் நாற்றம் என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்ததுதான், பின்னால் கீழே இறங்கிவிட்டது. கவிச்சி, ஊசல், முடை, மக்கல் என்று நம்மிடமும் நல்ல சொற்கள் இருக்கின்றன. பேச்சில் எல்லாவற்றையும் "ஸ்மெல்" என்று சொல்லத் தொடங்கிவிட்டோம் என்பது எனக்கு வருத்தம்.

ஙாய் ஙாய்னு ஒண்ணு கேட்டேன். நல்ல வாசமா, கெட்டதா?

இரண்டும் இல்லை, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். வெட்டிய புல், ஈர மண், வைக்கோல் புகை, கசக்கிய பச்சிலை இவற்றில் வரும் பச்சை வாடை. சிலருக்கு முகம் சுளிக்கும், சிலருக்கு ஊர் ஞாபகம் வரும். கிராமத்திலிருந்து ஹனோய்க்கு வந்தவர்கள் இந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலே மாறும்.

தெற்குல "ஙே மூய்"ங்கிறாங்க. ஙேன்னா கேட்கிறது, மூய்னா வாசம். வாசத்தை எப்படிக் கேட்பாங்க?

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். தெற்கிலும் நடுப்பகுதியிலும் வாசனை வருகிறது என்பதற்குக் "கேட்கிறது" என்ற வினையையே பயன்படுத்துவார்கள். வடக்கில் முகர்வதற்கு வேறு வினை உண்டு. சைகோனில் ஒருவர் "மல்லிகை வாசம் கேட்குதா?" என்ற அர்த்தத்தில் கேட்டால் அதில் கவிதை எதுவும் இல்லை, சாதாரணப் பேச்சு.

வாசமும் ஓசையும் ஒரே விதமாகவே நம்மிடம் வருகின்றன. இரண்டுக்கும் முன்னால் நாம் போய் நிற்க வேண்டியதில்லை, தூரத்திலிருந்து காற்றில் ஏறி அவையே வரும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணம் என்று பொருள்படும் தொம் என்ற சொல்லுக்கு, வடக்கில் குழந்தையின் கன்னத்தில் கொடுக்கும் முத்தம் என்றும் பொருள். குழந்தையை முத்தமிடுவது முகர்வதுதான் அங்கே. "உச்சி முகர்ந்து" என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மழைக்கு மட்டும் எத்தனை சத்தம்பா? ஒண்ணு போதாதா?

போதாது. ஹனோயில் ஒரு வருடம் இருந்து பாருங்கள். கூரை விளிம்பிலிருந்து ஒவ்வொரு துளியாகச் சொட்டினால் தீ தாச். பெரிய துளிகள் வாழை இலையிலோ தகரத்திலோ விட்டுவிட்டு விழுந்தால் லோப் டோப். அது வலுத்துக் கொட்டினால் ராவ் ராவ். இரவு முழுக்க, ஓங்கவும் இல்லாமல் ஓயவும் இல்லாமல் பெய்தால் ரா ரிச். பூச்சிகள் விடாமல் கத்துவதற்கும் இதே சொல். வசந்தத்தின் தொடக்கத்தில் வடக்கில் மாவு சலித்தது போல ஒரு தூறல் வாரக்கணக்கில் தொங்கும். அது தரையில் விழும் சத்தமே கேட்காது. அதனால் அதற்கு ஓசைச் சொல் கிடையாது. லத் ஃபத் என்று காற்றில் மிதந்து அலைவதைச் சொல்லும் காட்சிச் சொல்தான் வைத்திருக்கிறார்கள். சத்தம் இல்லாத மழைக்குச் சத்தம் சேர்க்க மறுக்கும் இந்த நேர்மைக்காகவே நான் இந்த மொழியை மதிக்கிறேன்.

சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தீ தாச்சில் ஈகாரம், சின்னத் துளி. லோப் டோப்பில் உதடு குவியும் ஓகாரம், கனத்த துளி. இரண்டும் வல்லினத்தில் பட்டென்று முடிகின்றன, துளியும் அப்படித்தான் விழுந்து முடிகிறது. ராவ் ராவில் அடைப்பே இல்லை, மழையும் நிற்கவில்லை. மணிக்குப் போனால் லெங் கெங். மெல்லினத்தில் முடிவதால் ஒலி அடித்தபின்னும் ரீங்கரிக்கும். ஹனோயின் பெரியவர்களுக்கு லெங் கெங் என்றால் டிராம் வண்டியின் மணி. அது 1991-இல் ஓட்டத்தை நிறுத்தியது, சொல் நிற்கவில்லை. நம் டப், டங், சோ மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்கு ஒன்றுதான்.

இலைச் சத்தம், காத்துச் சத்தம்?

சருகுகள் உரசினால் ஸாவ் ஸாக். பசுமையான மரம் முழுக்கக் காற்றில் அசைந்தாலும், சிற்றலை கரைக்கு வந்தாலும் ரீ ராவ். மழையின் ராவ் ராவில் முன்பாதியை ஈகாரமாகச் சுருக்கினால் கிடைப்பது போல இருக்கிறது பாருங்கள், சத்தமும் அந்த அளவுக்குத்தான். காகிதமும் துணியும் சரசரத்தால் ஸோத் ஸ்வாத். சவுக்குத் தோப்பில் காற்று ஊதினால் வீ வூ. சிவப்பு ஆற்றுச் சமவெளியில் பட்டத்தின் முதுகில் மூங்கில் குழல் கட்டிப் பறக்கவிடுவார்கள், அது மேலே போய் ஊதுவதும் வீ வூ. சாயங்காலம் வயல் வரப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டிய சத்தம் அது.

ஆளுங்க மெதுவா பேசுறதுக்கு?

காதோடு காதாக என்றால் தீ தம். பலர் சேர்ந்து முணுமுணுத்து, சொல் எதுவும் பிரிந்து தெரியாவிட்டால் ரீ ரம். பாயில் படுத்துக்கொண்டு பாட்டியும் பேத்தியும் நெருக்கமாகப் பேசினால் தூ தீ. சின்னக் குழந்தை மழலையாக, மெல்லிய குரலில் சொன்னால் தோ தே. கடைசி இரண்டில் அன்பு கலந்திருக்கிறது, அதனால் அலுவலகத்தில் இருவர் ரகசியம் பேசுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஹ்வா ஸுவா பூவை ஒருத்தர் த்வாங் த்வாங்கிறார், இன்னொருத்தர் "நோங் நக்"னு சொல்றார். யார் சொல்றது சரி?

இருவரும் சரி, நின்ற இடம்தான் வேறு. ஹ்வா ஸுவா என்றால் பால் பூ. வேறு எதுவும் இல்லை, நம் ஏழிலைப்பாலை மரம்தான். இரண்டு மொழியிலும் பெயருக்குள் பால் இருக்கிறது, கிளையை ஒடித்தால் பால் வடியும். இலையுதிர் காலத்தில் ஹனோய்த் தெருக்களில் கொத்துக்கொத்தாகப் பூக்கும், இருட்டிய பின் மணம் ஏறும். இரண்டு தெரு தள்ளி சைக்கிளில் போகிறவருக்கு அது த்வாங் த்வாங். மரத்தடியில் தேநீர்க் கடை போட்டிருப்பவருக்கு மூச்சு முட்டும் நோங் நக். நோங் நக் என்பது வேண்டாத அளவுக்கு அடர்ந்த வாடை. சாராய நெடி, சிகரெட் நெடியைச் சொல்லும் சொல். ஒரே தெருவில் ஒரே மரத்துக்கு ஹங் ஹக், ஙாவ் ஙாத் எல்லாமே கேட்டிருக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் இங்கே இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பூத்த மரத்தை நோக்கி ஐம்பது அடி தூரத்திலிருந்து நடந்து வாருங்கள். எந்த அடியில் சொல் மாறுகிறது என்று பாருங்கள். வகுப்பில் நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

ஃபாங் ஃபத்தும் அதேதானே? எப்ப அதைச் சொல்லணும்?

த்வாங் த்வாங் வந்து போகும். ஃபாங் ஃபத் தங்கியிருக்கும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி தங்கியிருக்கும். பூசை முடிந்து வெகு நேரம் கழித்தும் கூடத்தில் நிற்கும் அகில் புகையின் மணம் ஃபாங் ஃபத். வாசனையோடு நிற்பதும் இல்லை. ஒரு முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சோகம், மகளின் சிரிப்பில் எட்டிப்பார்க்கும் அம்மாவின் சாயல் எல்லாவற்றுக்கும் வரும்.

காரணம் அதன் பிறப்பு. இது சீனத்திலிருந்து வந்த சொல், அங்கே "போலத் தோன்றுவது" என்று பொருள். அதனால் இதில் நிழல் பாதி, முழுப் பாதி என்று பிரிக்க முடியாது. மெல்லினத்தில் முடியும் ஃபாங்கையும் வல்லினத்தில் முடியும் ஃபத்தையும் பார்த்து மேலே சொன்ன விதியைப் போடாதீர்கள். உற்றுப் பாருங்கள், ங்-க்குத் த் இனம் அல்ல.

நானே எந்தச் சொல்லையும் இரட்டிச்சுக்கலாமா?

நிறம், சுவை, வாடை, அளவு சொல்லும் ஓரசைச் சொற்களில் துணிந்து செய்யலாம். பழக்கத்தில் இல்லாவிட்டாலும் புரிந்துகொள்வார்கள். ஓசைச் சொற்களில் கை வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் உறைந்தவை, முன்னும் பின்னும் மாற்றினால் உடையும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் பாதியில் இயெக் என்ற ஓசையை ஒட்டிச் சொல்லும் பழக்கம் ஒன்றைத் தெருவில் கேட்பீர்கள்: ஃபோ ஃபியெக். ஃபோ என்றால் அவர்களுடைய நூடுல்ஸ் சூப். இது மெதுவாக்கும் இரட்டிப்பு இல்லை. நம் "இட்லி கிட்லி" மாதிரி, அதே அலட்சியத் தொனியோடு. "இட்லியும் வேணாம் கிட்லியும் வேணாம்" என்போமே, அந்த இடத்தில் வரும். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

வாசத்துக்கு இவ்வளவு சொல் இருக்கிறது வியட்நாமியருக்கு மட்டும்தானா?

இல்லை. வியட்நாமிய மொழி ஆஸ்திரோ-ஆசிய குடும்பத்தைச் சேர்ந்தது. கெமர் மொழியும், இந்தியாவின் சந்தாலி, முண்டாரி, காசி மொழிகளும் அதே குடும்பம். இந்த உறவினர்களிடமும் ஓசை, தோற்றம், உணர்வைச் சொல்லும் இரட்டைச் சொற்கள் ஏராளம். மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியும் இதே குடும்பம்தான். அவர்கள் வாசனையை நிறத்தைப் போல எளிதாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள் என்று ஆசிபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் பொதுவான வாடைக்கு அங்கே ஒரே சொல். மனித மூக்கு மந்தமானது, வாசனையைச் சொல்லில் பிடிக்க முடியாது என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

தமிழ்ல மொழிபெயர்க்கிறப்ப என்னதான் போடுறது? எல்லாத்துக்கும் "மெல்லிய"ன்னே வருது.

"மெல்லிய" என்பதை முதலில் கையிலிருந்து கீழே வையுங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள்: பொருள் எங்கே இருக்கிறது, எப்படி வந்து சேர்கிறது? பெயரடையைத் தேடுவதைவிட வினையைத் தேடினால் தமிழ் கைகொடுக்கும். வங் வங் வந்தால் "தேய்ந்து கேட்டது", "காற்றில் மிதந்து வந்தது". ஃபாங் ஃபத் வந்தால் "மணம் இன்னும் போகாமல் நின்றது". கென் கெத் வந்தால் "தீய்கிற மாதிரி இருக்கே" என்று பேச்சிலேயே விடலாம். தமிழில் "மாதிரி" செய்யும் வேலையைத்தான் அங்கே நிழல் பாதி செய்கிறது.

என்னை அதிகம் உட்காரவைத்த வரி, மல்லிகை பற்றிய ஒரு நாட்டுப்பாடல் வரி. ஊருக்கு ஊர் சொற்கள் கொஞ்சம் மாறும். அடர்ந்த நிறம் சீக்கிரம் வெளிறிவிடும், த்வாங் த்வாங் என்று வரும் மல்லிகையோ நெடுநேரம் மணக்கும் என்பது கருத்து. முதலில் "மெல்லிய மல்லிகை மணம்" என்று எழுதினேன், காற்று போய்விட்டது. அப்புறம் "லேசாகக் கமழும் மல்லிகை" என்று மாற்றினேன். கமழ்வதில் நிறைவு இருக்கிறது, வந்து போவது இல்லை. இப்போது வகுப்புத் தாளில் இருப்பது: "காத்தடிக்கும்போது மட்டும் வரும் மல்லிகை வாசம், அதுதான் ரொம்ப நேரம் இருக்கும்." ஒரே சொல்லுக்கு மூன்று சொல் ஆகிவிட்டது. வாசலில் கட்டுப்பூ விற்கிறவரைக் கடந்து பத்தடி போன பிறகு பின்னாலிருந்து ஒரு வாசம் வருமே, அந்தப் பத்தடிக்கு ஒரு ஒற்றைச் சொல் உங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தால், அதைப் போட்டு இந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.